சினிமாவுக்குப் போடும் விமர்சனத்தை ஆன்லைன் விளையாட்டுக்கும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் வாசகர் கடிதம் பகுதியில் ஒரு பெரியவர் எழுதியிருந்தார். செல்போனில் ஆடும் ஆன்லைன் விளையாட்டு எல்லாமே சூதாட்டம்தான், ரம்மியைத் தடுத்த மாதிரி இவற்றையும் மொத்தமாகத் தடுத்துவிட வேண்டும் என்பது அவர் கருத்து. அவருடைய கோபம் எனக்கு நன்றாகப் புரிகிறது. ஜூன் மாதம் வரை நானும் அந்தக் கட்சிதான். இப்போது இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் புதுவண்ணாரப்பேட்டையில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். கணவர் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். துறைமுகத்துக்குள் போக எண்ணூர் நெடுஞ்சாலையில் வண்டி வரிசையில் நின்றுவிட்டால் அவர் வீடு திரும்புவது மறுநாள்தான். ஒரே மகன், பிளஸ் 1 படிக்கிறான்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை எம்.சி. ரோட்டில் லைனிங் துணியும் நூலும் வாங்கிவிட்டுப் பணம் கட்ட ஸ்கேன் செய்தேன். கணக்கில் போதிய பணம் இல்லை என்று வந்தது. கடைக்காரர் எதிரில் துணியைத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆறு தடவையாக ரூ.1,240 போயிருந்தது. என் ரகசிய எண் மகனுக்குத் தெரியும், நான்தான் கரண்ட் பில் கட்டச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அந்தப் பணத்தில் அவன் வாங்கியது ஆட்டத்தில் வரும் பொம்மைக்கு ஒரு சட்டை. நேராக வாங்கக்கூட முடியாதாம், சக்கரத்தைச் சுற்றினால் விழுமாம், ஆறாவது சுற்றில்தான் விழுந்ததாம். லைனிங் வைத்த ஜாக்கெட்டுக்கு நான் ரூ.250 கூலி வாங்குகிறேன். கிட்டத்தட்ட ஐந்து ஜாக்கெட் கூலி, தொட்டுப் பார்க்க முடியாத ஒரு சட்டைக்குப் போயிருந்தது. அவனை அடித்தேன். அந்த வயதுப் பிள்ளையை அடித்தது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

மறுநாள் என் தம்பி வந்தான். சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. ஆட்டத்தைப் போனிலிருந்து அழிக்கச் சொல்லி போனை அவன் கையில் கொடுத்தேன். அவன் வாங்கவில்லை. "அக்கா, துணியைப் பிரிச்சுப் பார்க்காம நீ என்னைக்காவது விலை சொல்லியிருக்கியா? ஒரு மாசம் நீயே ஆடிப் பாரு. அப்புறம் அழிக்கிறதா வைக்கிறதான்னு சொல்லு" என்றான். அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்றது. சரி என்றேன்.

ஒரு 40 பக்க நோட்டு எடுத்துக்கொண்டேன். ஜூலை 1 முதல் 31 வரை தினம் இரவு ஒரு பக்கம். ஆட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஒரு தீவில் பல பேர் இறங்கி, துப்பாக்கி தேடி எடுத்து, கடைசி வரை யார் நிற்கிறார்கள் என்று பார்க்கும் வகை. நான்கு பேர் ஒரு அணியாக ஆடலாம், அதை ஸ்குவாட் என்கிறார்கள்.

முதல் நாளே ஜெயித்தேன். இரண்டாம் நாளும் ஜெயித்தேன். மனதுக்குள் ஒரு சந்தோஷம், மெஷினில் உட்கார்ந்தபோதும் அதே நினைப்பு. மூன்றாம் நாள் மகன் மெதுவாகச் சொன்னான்: "அம்மா, அதுல பாதிக்கு மேல ஆளுங்க இல்ல, பாட்." புதிதாக வருகிறவர்கள் துவண்டு போகக் கூடாது என்று கம்ப்யூட்டரே ஓட்டும் பொம்மைகளை எதிரில் விடுகிறார்களாம். ஏமாற்றப்பட்ட மாதிரி இருந்தது. இது மனிதர், இது பொம்மை என்று திரையில் எழுதிக் காட்டியிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

அதற்கப்புறம் உண்மையான மனிதர்கள் வந்தார்கள், குறைகளும் வந்தன. முதலில் லேக், அதாவது ஆட்டம் தாமதமாக நகர்வது. திரை ஓரத்தில் ஒரு எண் ஓடிக்கொண்டே இருக்கும், பிங் என்று பெயர். நம் போனிலிருந்து சர்வருக்கு, அதாவது ஆட்டத்தை நடத்தும் கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு, போய்த் திரும்பி வர எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்ற கணக்கு. 50, 60 என்றால் நன்றாக ஓடும். 200-ஐத் தாண்டினால் நாம் சுட்டது அங்கே போய்ச் சேருவதற்குள் நம் ஆள் செத்துக் கிடப்பான். எங்கள் வீடு மாடியில் தகர ஷீட் போட்ட அறை. இரவு 8 மணிக்கு மேல் தெரு முழுக்க எல்லாரும் போனில் இருக்கும் நேரம், எண் சிவப்பாகிவிடும். இது ஆட்டத்தின் குறையா, சிக்னலின் குறையா, எங்கள் கூரையின் குறையா என்று பிரித்துப் பார்க்க ஒரு வாரம் ஆனது. வாசல்படியில் உட்கார்ந்து ஆடினால் எண் குறைந்தது. அதனால் கூரைக்கும் பங்கு உண்டு என்று எழுதி வைத்தேன்.

அடுத்தது ஹேக்கர்கள். சுவருக்குப் பின்னால் நிற்கிறவனைப் பார்க்கும்படியும், துப்பாக்கி தானே குறி வைக்கும்படியும் திருட்டு சாஃப்ட்வேர் போட்டுக்கொண்டு வருகிறவர்கள். 31 நாளில் எட்டு ஆட்டத்தில் சந்தேகப்படும்படியான ஆட்கள் வந்தார்கள். ரிப்போர்ட் செய்ய ஒரு பட்டன் இருக்கிறது, எட்டுத் தடவையும் அழுத்தினேன். அந்த ஆளைத் தடை செய்துவிட்டோம் என்று இரண்டு தடவை பதில் வந்தது.

மைக் தனிக் கதை. அறிமுகமில்லாதவர்களோடு ஆடும்போது ஒருநாள் மைக்கைத் திறந்து "தம்பி, வலது பக்கம் ஆள் இருக்கு" என்றேன். பெண் குரல் என்று தெரிந்ததும் ஒருவன் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. என் மகன் வயதுதான் இருக்கும் அந்தக் குரலுக்கு. கை நடுங்கி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். எங்கள் தெருவிலும் கெட்ட வார்த்தை பேசுவார்கள், ஆனால் பேசியவனின் அம்மா யார் என்று நமக்குத் தெரியும், போய்ச் சொல்லலாம். இங்கே யாரிடம் சொல்வது? பிறகு தம்பிதான் செட்டிங்கில் போய், சொந்த அணியின் குரல் மட்டும் கேட்கும்படி மாற்றிக் கொடுத்தான். பெற்றவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த ஒரு செட்டிங்கைத்தான் என்பேன்.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். ஆன்லைன் ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. இது தெரியாமல் எத்தனை இரவு "சாப்பிட வாடா, வாடா" என்று கத்தியிருக்கிறேன்! அவன் "ரெண்டு நிமிஷம்மா" என்பான், இருபது நிமிஷம் ஆகும், தட்டைத் தூக்கி எறியாத குறைதான். ஒரு ஆட்டம் முடிய 20, 25 நிமிடம் ஆகும். நடுவில் எழுந்து போனால் மற்ற மூன்று பேர் ஒரு ஆள் குறைந்து தோற்பார்கள். கேரம் ஆட்டத்தில் பாதியில் எழுந்து போகிறவனை யாராவது மறுபடி சேர்ப்பார்களா? இப்போது புது ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். எட்டரைக்கு மேல் புதிதாக எதிலும் இறங்கக் கூடாது. அந்தச் சண்டை எங்கள் வீட்டில் நின்றுவிட்டது.

இனி அந்தச் சக்கரத்துக்கு வருகிறேன். எம்.சி. ரோட்டில் டேமேஜ் பீஸ் என்று தனியாகக் குவித்து விற்பார்கள். நெசவில் ஒரு இழை விட்டிருக்கும், மடிப்பில் எண்ணெய்க் கறை இருக்கும். இருபது வருடமாக அந்தக் குவியலில் துணி பொறுக்குகிறேன். வெளிச்சத்தில் பிடித்து, குறை எந்த இடத்தில் விழுகிறது என்று பார்ப்பேன். தையலுக்குள் மடிந்து போகிற இடம் என்றால் வாங்குவேன். மார்பிலோ முதுகிலோ விழுந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். சாயம் போகிற துணியைத் தொடவே மாட்டேன், கூடத் துவைக்கும் துணியையும் அது கெடுத்துவிடும்.

ஆட்டத்தையும் அப்படித்தான் பார்த்தேன். லேக் என்பது தையலுக்குள் போகிற குறை, வாசலில் உட்கார்ந்தால் தீர்கிறது. ஹேக்கர் எண்ணெய்க் கறை, சில சமயம் போகும், சில சமயம் போகாது. சக்கரம் மட்டும் சாயம் போகிற துணி. ரூபாயை முதலில் வைரம் என்ற ஆட்டக் காசாக மாற்றச் சொல்கிறார்கள். ஒரு வைரம் எத்தனை காசு என்று ஆட்டத்தின் நடுவில் யாரால் கணக்குப் போட முடியும்? முதல் சுற்று மலிவு, ஒவ்வொரு சுற்றுக்கும் விலை ஏறும். விழும் வாய்ப்பு எவ்வளவு என்பது ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருக்கிறது. சீனாவில் 2017 மே மாதத்தில் இந்த வாய்ப்புக் கணக்கை வெளியிட்டே ஆக வேண்டும் என்று விதி வந்தது. பெல்ஜியத்தில் 2018-ல் இப்படிக் காசு கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்கு எதிரானவை என்று அந்நாட்டுச் சூதாட்ட ஆணையமே சொன்னது. பெரியவர் சூதாட்டம் என்றாரே, இந்த ஒரு இடத்தில் நான் முழுக்க அவர் பக்கம்.

ஆனால் ரம்மியும் இதுவும் ஒன்றல்ல. பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களுக்கு 18 வயதுக்கு உட்பட்டவர்கள் வரக் கூடாது, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை யாரும் ஆடக் கூடாது என்று நம் மாநிலம் 2025 பிப்ரவரியில் விதி போட்டது. சென்னை உயர் நீதிமன்றமும் ஜூன் மாதம் அது செல்லும் என்றது. அப்புறம் ஆகஸ்ட் மாதம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டம் அந்த வகை ஆட்டங்களையே தடை செய்துவிட்டது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை, அதாவது இப்படிப்பட்ட ஆட்டங்களில் திறமையை வைத்து நடக்கும் போட்டிகளை, முறையான போட்டி விளையாட்டாக ஏற்றுக்கொள்கிறது. எங்கள் பக்கம் ஆன்லைன் ரம்மியில் தொலைத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பட்டது வேறு, என் மகன் செய்தது வேறு. இரண்டையும் ஒரே பெயரில் சொன்னால் எதற்கு என்ன மருந்து என்று தெரியாமல் போய்விடும்.

மொத்தமாகத் தடுத்துப் பார்த்ததும் உண்டு. 2020 செப்டம்பர் 2-ம் தேதி இதே வகை ஆட்டமான பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. 2022 பிப்ரவரியில் அதே வகையைச் சேர்ந்த ஃப்ரீ ஃபயர் போனது. பப்ஜிக்குப் பதிலாக வந்த பி.ஜி.எம்.ஐ. 2022 ஜூலையில் போனில் செயலி இறக்கும் ஆப் ஸ்டோர்களிலிருந்து தூக்கப்பட்டு 2023 மே மாதம் திரும்பி வந்தது. பிள்ளைகள் ஆடுவதை நிறுத்தவில்லை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினார்கள். மாறும்போதெல்லாம் பழைய ஆட்டத்தில் காசு கொடுத்து வாங்கிய சட்டை, துப்பாக்கிப் பெயின்ட் எல்லாம் பின்னாலேயே நின்றுவிட்டன.

தம்பி இன்னும் பெரிய கதைகள் சொன்னான். தி க்ரூ என்ற கார்ப் பந்தய ஆட்டத்தை ஜனங்கள் விலை கொடுத்து வாங்கியிருந்தார்கள். 2024 மார்ச் கடைசியில் கம்பெனி சர்வரை நிறுத்தியது, காசு கொடுத்தவர்களாலும் ஆட முடியவில்லை. அந்தக் கோபத்தில் ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கான்கார்ட் என்ற ஆட்டம் 2024 ஆகஸ்ட் 23-ல் வந்து, இரண்டே வாரத்தில் மூடப்பட்டது. அதற்கு மட்டும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மறுபக்கமும் உண்டு. ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற ஜப்பான் ஆட்டம் 2010-ல் வந்தபோது அத்தனை குறையாம். கம்பெனி மன்னிப்புக் கேட்டு, 2012-ல் அதை மூடி, முழுக்கப் பிரித்துத் திரும்பத் தைத்த மாதிரி 2013 ஆகஸ்டில் புதிதாகக் கொண்டு வந்தது. இன்றும் ஓடுகிறது. ஆகவே ஒரு தடவை கெட்டது என்று முடிவு கட்டியதை மறுபடி திறந்து பார்க்கவும் வேண்டியிருக்கிறது.

இத்தனை குறையையும் எழுதிவிட்டு, ஏன் ஆட்டத்தை அழிக்கவில்லை என்று கேட்பீர்கள். நோட்டில் 19-ம் பக்கத்தில் அதற்குப் பதில் இருக்கிறது.

என் மகனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து சுற்றிய பிள்ளைகள் மூன்று பேர். ஒருவன் இன்னும் எங்கள் தெருவில் இருக்கிறான். ஒருவன் குடும்பம் வாடகை கட்ட முடியாமல் மீஞ்சூர் போய்விட்டது. மூன்றாவது பையனின் வீடு கால்வாய் ஓரத்தில் இருந்தது. அந்த வரிசையை எடுத்தபோது பெரும்பாக்கத்தில் ஆறாவது மாடியில் வீடு கிடைத்தது. நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை. பஸ் மாறிப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகிவிடும். அவன் அங்கே புதுப் பள்ளியில் சேர்ந்து ஒரு வருடம் யாரோடும் பேசவில்லை என்று அவன் அம்மா என்னிடம் போனில் அழுதிருக்கிறார்.

ஜூலை 19, சனிக்கிழமை. மகன் என்னைத் தன் அணியில் சேர்த்துக்கொண்டான், எங்கள் தெருப் பையன் டியூஷனில் இருந்தான். நான், மகன், மீஞ்சூர், பெரும்பாக்கம். ஆட்டம் தொடங்க இரண்டு நிமிடம் இருந்தது, அதற்குள் ஒரு கை ஓரம் அடித்துவிடலாம் என்று மெஷினை மிதித்தேன். சத்தம் மைக்கில் போயிருக்கிறது. "ஐயோ, தொந்தரவா இருக்கா?" என்று நிறுத்தினேன். பெரும்பாக்கத்துப் பையன் சொன்னான்: "நிறுத்தாதீங்க ஆன்ட்டி. அந்த மெஷின் சத்தம் கேட்டா நம்ம தெருவுல உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கு."

அந்தப் பிள்ளைகள் ஆடும்போது பேசுவதைக் கேட்டேன். "நான் நாக் ஆயிட்டேன், வராதே, நீ போ" என்று அடிபட்டு விழுந்த ஒருவன் சொல்வான். இன்னொருவன் போகாமல் திரும்பி வந்து அவனைத் தூக்குவான், இருவரும் செத்துப்போவார்கள், அதற்காகச் சிரிப்பார்கள். நடுநடுவே காசிமேட்டில் என்ன மீன் வந்தது, மார்க்கெட் பக்கம் கேரம் கிளப்பில் யார் புதுசு, கெமிஸ்ட்ரி மிஸ் என்ன சொன்னார் என்றும் பேச்சு ஓடும். துப்பாக்கி எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் அவர்கள் காதில் துப்பாக்கிச் சத்தத்தைவிடப் பேச்சுச் சத்தம்தான் அதிகம் இருந்தது.

"ஏன், வெளியே போய் விளையாடட்டுமே" என்று பலர் சொல்வார்கள். நானும் சொல்கிறேன். எங்கள் வடசென்னையில் அதற்குக் குறைவே இல்லை. 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கிய காசிமா இந்தப் பக்கத்துப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். வியாசர்பாடியில் எந்தப் பையனைக் கேட்டாலும் கால்பந்து ஆடுவான். என் மகனும் ஞாயிறு காலை கேரம் கிளப் போகிறான். ஆனால் என் அப்பா காலத்தில் அதே கேரம் கிளப்பை உருப்படாதவன் போகிற இடம் என்றுதான் சொன்னார்கள், என் அண்ணன் அதற்காக அடி வாங்கியது எனக்கு நினைவிருக்கிறது. அப்புறம், பெரும்பாக்கத்திலிருந்து ஒரு பையன் தினம் சாயங்காலம் கேரம் ஆட இங்கே எப்படி வருவான்?

அடிமையாகிவிடுவானோ என்ற பயம் எனக்கும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடப்பில் உள்ள தன் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக்கு அடிமையாவதைச் சேர்த்திருக்கிறது. எத்தனை மணி நேரம் ஆடுகிறான் என்று மட்டும் பார்க்கச் சொல்லவில்லை. தன்னால் நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முக்கியமாவது, கெடுதல் வந்த பிறகும் தொடர்வது, இது பொதுவாக 12 மாதமாவது நீடிப்பது என்று சொல்கிறது. அதை வைத்து மகனைக் கவனிக்கிறேன். எட்டரைக்கு எழுந்து வருகிறான். காலாண்டுத் தேர்வில் கணக்கில் மார்க் குறைந்திருக்கிறது. ஆட்டத்தாலா, பாடம் கடினமானதாலா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதனால் ஆட்டத்தை வைத்துக்கொண்டோம். என் போனில் ரகசிய எண்ணை மாற்றிவிட்டேன். வாங்கும்போதெல்லாம் கேட்கும்படி பாஸ்வேர்ட் போட்டாகிவிட்டது. ஆட்டத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டுவதில்லை, இது அவனும் ஒப்புக்கொண்டது. தெரிந்த நான்கு பேர் சேர்ந்தால்தான் ஆட்டம், அறிமுகமில்லாதவர்களோடு இல்லை. தினம் உள்ளே வந்து கையெழுத்துப் போட்டால் பரிசு என்று ஒன்று இருக்கிறது, ஒரு நாள் விட்டால் போச்சு என்று பிள்ளைகளைப் பதற வைக்கும். அதை மட்டும் அவன் இன்னும் விடவில்லை. அதில் எங்களுக்குள் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

ஆசிரியர் அவர்களே, எனக்கு உதவ ஒரு தம்பி இருந்தான், ஒரு மாதம் இரவில் கண் விழிக்கவும் முடிந்தது. பட்டறைக்கும் மீன் ஏலத்துக்கும் விடியற்காலையில் போகிற என் தெருப் பெண்களுக்கு அது முடியாது. உங்கள் பத்திரிகையில் ஒவ்வொரு புதுப் படத்துக்கும் விமர்சனம் வருகிறது, குழந்தைகளோடு பார்க்கலாமா என்றும் சொல்கிறீர்கள். ரூ.150 டிக்கெட்டுக்கு அது. எங்கள் பிள்ளைகள் வருடக்கணக்கில் இருக்கும் இடத்தைப் பற்றி ஒரு வரியும் வருவதில்லை. வாரம் ஒரு ஆட்டத்தை எடுத்து, நிஜமாகவே ஆடிப் பார்த்த ஒருவரைக் கொண்டு எழுதச் சொல்லுங்கள். சுற்றும் சக்கரம் உண்டா, ஒரு வைரம் எத்தனை ரூபாய், அறிமுகமில்லாதவன் குரல் பிள்ளை காதில் விழுமா, அதை எங்கே போய் மூடுவது, ஒரு ஆட்டம் எத்தனை நிமிடம், எத்தனை எம்.பி. டேட்டா சாப்பிடும். நட்சத்திரம் எதுவும் வேண்டாம், இவ்வளவு தெரிந்தால் மற்றதை நாங்கள் முடிவு செய்துகொள்வோம்.

எழுதுகிறவருக்கு உதவும் என்றால் என் நோட்டை அனுப்பி வைக்கிறேன். 31 பக்கம் எழுதியிருக்கிறேன், கையெழுத்து சுமாராக இருக்கும். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் போதும், மீதி ஒன்பது பக்கத்தில் அளவு குறித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
புதுவண்ணாரப்பேட்டை, சென்னை.